முதலாம் பைசல்: இரு நாடுகளில் முடிசூடிய அரபு மன்னர்

பிறப்பால் அரியணை ஏறியவர் உண்டு. வாள் வலியால் ஏறியவரும் உண்டு. இவ்விரு வகையிலும் அடங்காத அரசர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்காசியாவில் வாழ்ந்தார். ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் அவர் இரண்டு நாடுகளுக்கு மன்னரானார். அவ்விரண்டில் ஒன்றேனும் அவர் பிறந்த நாடன்று. முதல் அரியணையை ஐந்து மாதங்கள் நிறைவதற்குள் இழந்தார். இரண்டாம் அரியணையில் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்து, மன்னராகவே மறைந்தார். சிரியாவிலும் பின்னர் ஈராக்கிலும் முடிசூடிய முதலாம் பைசலே அவர்.

லாரன்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரியைப் பற்றி 1962ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தைக் கண்டவர்கள் பைசலை ஒரு துணைப் பாத்திரமாகவே அறிவார்கள். சரித்திரத்தில் அவருடைய இடம் பெரிது. ஓர் உடன்படிக்கையைக் கொண்டு எல்லைக்கோடு வரைந்துவிடலாம். அக்கோட்டுக்குள் வாழும் பல இனத்தாரை ஒரே மக்களாக்குவது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடியே அவருடைய பிற்கால வாழ்வு கழிந்தது. பல இனமும் பல மொழியும் கூடி வாழும் மலேசியாவில் உள்ளவர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. ஆதலின் அவர் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

மக்காவும் இஸ்தான்புல்லும்

பைசல் 1885ஆம் ஆண்டு மே மாதம் ஹிஜாஸ் நாட்டில் பிறந்தார். தந்தை ஷரீப் ஹுசைன் இப்னு அலி, நபிகள் நாயகத்தின் வழித்தோன்றல்களான ஹாஷிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். அலி, அப்துல்லா ஆகிய இருவருக்கும் அடுத்த மூன்றாம் மகன் பைசல். அக்குடும்பத்து வழக்கப்படி குழந்தைப் பருவத்தில் பாலைவன நாடோடி மக்களிடம் வளர்க்கப்பட்டார். கூடாரத்து வாழ்வும் தூய அரபு மொழியும் அங்கே அவருக்கு வாய்த்தன.

அக்காலத்தில் அரபு நாடுகளிற் பெரும்பகுதி துருக்கிய உதுமானிய சாம்ராஜ்யத்தின் ஆட்சியில் இருந்தது. ஹுசைனின் செல்வாக்கைக் கண்டு ஐயுற்ற சுல்தான் அப்துல் ஹமீது அவரைத் தலைநகர் இஸ்தான்புல்லுக்கு வரவழைத்து, கண்ணெதிரே வைத்துக்கொண்டார். வெளிப்பார்வைக்கு அது விருந்து; உண்மையில் அது காவல். பைசல் சிறுவனாகச் சென்று இளைஞனாகும் வரை அங்கேயே வளர்ந்தார். துருக்கி மொழியும், அரசவை நடைமுறையும், நினைத்ததை மறைத்துப் பேசும் பொறுமையும் அவருக்குக் கைவந்தன.

1908ஆம் ஆண்டில் இளந்துருக்கியர் புரட்சி நடந்தது. அவ்வாண்டே ஹுசைன் மக்காவின் அமீராக நியமனம் பெற்றுத் திரும்பினார். அதே ஆண்டில் டமாஸ்கஸிலிருந்து மதினா வரையிலான ஹிஜாஸ் ரயில்பாதையும் முடிவுற்றது. யாத்திரிகர்களுக்காகவென்று அமைக்கப்பட்ட இப்பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை வழங்கியிருந்தனர். ஆனால் அதே பாதை துருக்கியப் படையையும் எளிதில் மக்காவின் வாயிலுக்குக் கொண்டுவரும் என்பதை ஹுசைன் உணர்ந்தார். பைசல் ஜித்தாவின் பிரதிநிதியாகத் துருக்கிய நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். அங்கே, புதிய ஆட்சியாளர் துருக்கி மொழியையும் மத்திய அதிகாரத்தையும் எல்லா இனத்தார் மீதும் சுமத்த முயல்வதை அவர் நேரில் கண்டார்.

கடிதங்களும் இரகசிய உடன்படிக்கையும்

1914ஆம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. துருக்கியின் சுல்தானே முஸ்லிம்களின் கலீபாவுமாக இருந்தபடியால், ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம்களின் மனநிலை அரசாங்கத்துக்குப் பெருங்கவலையாயிற்று. அக்கவலை வீணானதன்று என்பதற்கு நம் அண்டையிலேயே சான்றுண்டு. 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரில் இந்தியப் படைப்பிரிவு ஒன்று கலகம் செய்தது. துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்று சிப்பாய்களிடையே பரவிய பேச்சு அக்கலகத்திற்கு ஒரு காரணம். உண்மையில் அவர்கள் போகவிருந்த இடம் ஹாங்காங்.

இந்நிலையில் மக்காவின் ஷரீப் தம் பக்கம் வந்தால் பெரும் பலம் என்று ஆங்கிலேயர் கருதினர். எகிப்தில் ஆங்கிலேய உயர் ஆணையராக இருந்த சர் ஹென்றி மக்மகனுக்கும் ஹுசைனுக்கும் 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை கடிதப் போக்குவரத்து நடந்தது. இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே 1914ஆம் ஆண்டில் எல்லைக்கோடு வகுத்த அதே மக்மகன்தான் இவர். 1915 அக்டோபர் 24ஆம் நாளிட்ட கடிதத்தில், சில பகுதிகள் நீங்கலாக, அரபு நாடுகளின் சுதந்திரத்தை ஆங்கில அரசு ஆதரிக்கும் என்று அவர் எழுதினார். விலக்கிய பகுதிகள் எவை என்பதைக் கூறிய வாசகம் தெளிவற்றது. பின்னாளில் எழுந்த பூசல்களுக்கு அதுவே விதையாயிற்று.

இதற்கிடையே பைசல் 1915ஆம் ஆண்டில் டமாஸ்கஸுக்குச் சென்று, அல் பதாத், அல் அஹ்து என்னும் இரகசிய அரபுச் சங்கங்களோடு தொடர்பு கொண்டார். முன்னதில் படித்த இளைஞர்களும் பின்னதில் துருக்கியப் படையிலிருந்த அரபு அதிகாரிகளும் இருந்தனர். சுதந்திர அரபு நாட்டின் எல்லைகள் எவை என்று அவர்கள் வரைந்து தந்த கோரிக்கையைப் பைசல் தந்தையிடம் சேர்த்தார். சிரியாவை ஆண்ட துருக்கியத் தளபதி ஜமால் பாஷா அரபுத் தலைவர்களைப் பிடித்துத் தண்டித்தார். 1916 மே 6ஆம் நாள் டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் இருபத்தொருவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுக்காக மன்றாடிய பைசலின் சொல் எடுபடவில்லை. அந்நாள் வரை துருக்கியரோடு ஒத்துப்போகவே விரும்பிய அவர் மனம் அத்தோடு மாறிற்று.

அதே மே மாதத்தில் வேறொரு காரியமும் நடந்தது. ஆங்கில அரசின் சார்பில் சைக்ஸ் என்பவரும் பிரெஞ்சு அரசின் சார்பில் பிக்கோ என்பவரும் பேசி முடித்த இரகசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிரியாவும் லெபனானும் பிரெஞ்சுக்காரரின் செல்வாக்கிற்கு, பாக்தாதும் பஸ்ராவும் ஆங்கிலேயரின் செல்வாக்கிற்கு என்று அதில் பங்கிட்டுக் கொண்டனர். ஒரு கையால் வாக்குறுதி எழுதியவர்கள் மறு கையால் பாகப்பிரிவினை செய்தனர். போரில் இறங்கவிருந்த அரபு மக்களுக்கு இது தெரியாது.

பாலைவனப் போர்

1916 ஜூன் மாதம் ஹுசைன் துருக்கிக்கு எதிராகக் கிளர்ச்சிக் கொடி உயர்த்தினார். மக்கா விரைவில் வீழ்ந்தது. மதினாவில் இருந்த துருக்கியத் தளபதி பக்ரி பாஷாவோ யுத்தம் முடிந்த பின்னும் 1919 ஜனவரி வரை சரணடையவில்லை. வடக்கே போரிட்ட படைக்குப் பைசல் தலைமை தாங்கினார். லாரன்ஸ் அவரை முதன்முதலாகச் சந்தித்தது 1916 அக்டோபரில்.

ஒன்றோடொன்று பகைமை கொண்ட குலங்களை ஒரே படையில் சேர்த்து வைப்பதே பைசலுக்கு முன்னிருந்த பெரும் பணி. ஆங்கிலேயர் பொன்னும் துப்பாக்கியும் தந்தனர். குலத்தலைவர்களின் பழம்பகையைத் தீர்க்க அவர்களால் இயலாது. பைசல் இரவிரவாகக் கூடாரத்தில் அமர்ந்து இரத்தப் பழி வழக்குகளைக் கேட்டு, ஈட்டுத்தொகை பேசி, சமாதானம் செய்து வைத்தார். பிற்காலத்தில் நாடாளும் பொறுப்பு வந்தபோதும் அவர் கையாண்டது இதே முறைதான்.

1917 ஜனவரியில் வஜ்ஹு துறைமுகமும், ஜூலை 6ஆம் நாள் அகபா துறைமுகமும் அரபுப் படையின் வசமாயின. பாலத்தையும் தண்டவாளத்தையும் தகர்த்து ஹிஜாஸ் ரயில்பாதையை ஓயாது முடக்கியதனால் துருக்கியப் படை பல இடங்களில் சிதறிக் கிடந்தது. அவ்வாண்டு நவம்பரில் இரண்டு செய்திகள் வெளியாயின. ஒன்று, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு தருவதாக ஆங்கில அமைச்சர் பால்பர் விடுத்த பிரகடனம். மற்றொன்று, ரஷ்யப் புரட்சிக்காரர்கள் ஜார் அரசின் பெட்டகத்திலிருந்து எடுத்து வெளியிட்ட இரகசிய உடன்படிக்கைகள். சைக்ஸ், பிக்கோ செய்த பாகப்பிரிவினை அப்போதுதான் உலகறிந்தது. பைசல் கலங்கினார். ஆயினும் வென்ற பிறகே பேச முடியும் என்று துணிந்து போரைத் தொடர்ந்தார்.

1918 அக்டோபர் முதல் நாள் டமாஸ்கஸ் வீழ்ந்தது. ஆங்கிலத் தளபதி அலன்பியின் வெற்றியில் இந்தியக் குதிரைப்படைக்கும் பெரும் பங்குண்டு. மைசூர், ஜோத்பூர் சமஸ்தானங்களின் குதிரைப்படையினர் செப்டம்பர் 23ஆம் நாள் ஹைபா நகரைப் பிடித்தது அப்போரின் ஒரு பகுதியே. அக்டோபர் 3ஆம் நாள் பைசல் டமாஸ்கஸில் நுழைந்தார். மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர். அன்றே அலன்பி அவரை அழைத்து, சிரியாவுக்குப் பிரான்சு பாதுகாவலாக இருக்கும் என்று அறிவித்தார். வெற்றி விழாவும் ஏமாற்றமும் ஒரே நாளில் வந்தன.

டமாஸ்கஸ் அரியணை

1919ஆம் ஆண்டு பாரிஸ் சமாதான மாநாட்டில் பைசல் அரபு மக்களுக்காக வாதாடினார். பிப்ரவரி 6ஆம் நாள் வல்லரசுப் பிரதிநிதிகளின் முன் அரபு மொழியில் பேசினார், லாரன்ஸ் மொழிபெயர்த்தார். யூதத் தலைவர் வைஸ்மனோடும் ஜனவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அரபு மக்களுக்குச் சுதந்திரம் கிட்டாவிடில் அவ்வுடன்பாடு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று தம் கைப்பட அரபியில் எழுதிச் சேர்த்தார். சுதந்திரம் கிட்டவில்லை, உடன்பாடும் ஏட்டளவில் நின்றது.

சிரியா மக்களின் விருப்பத்தை அறிய அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய குழு அந்நாட்டில் சுற்றிப் பெரும்பான்மையோர் பிரெஞ்சு ஆட்சியை விரும்பவில்லை என்று கண்டது. அக்குழுவின் அறிக்கையை வல்லரசுகள் பொருட்படுத்தவில்லை. ஆங்கிலப் படை சிரியாவை விட்டு விலகிற்று. பைசல் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவோடு ஒரு சமரச ஏற்பாடு பேசித் திரும்பியபோது, அது சரணாகதி என்று டமாஸ்கஸ் மக்கள் சீறினர். பாரிஸில் அவரைத் தீவிரவாதி என்றனர். டமாஸ்கஸில் அவரை மிதவாதி என்றனர்.

1920 மார்ச் 8ஆம் நாள் சிரியாவின் தேசிய காங்கிரஸ் நாட்டைச் சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்து பைசலை மன்னராக்கியது. அடுத்த மாதமே சான் ரெமோ நகரில் கூடிய வல்லரசுகள் சிரியாவைப் பிரான்சுக்கும், ஈராக்கையும் பாலஸ்தீனத்தையும் பிரிட்டனுக்கும் ஆணையாட்சி நாடுகளாக ஒதுக்கின. ஆணையாட்சி என்பது, தானே ஆளும் தகுதி வரும்வரை ஒரு நாட்டைப் பிறர் மேற்பார்த்தல் என்று விளக்கப்பட்டது. அத்தகுதியை எப்போது அடைந்தார்கள் என்று தீர்மானிக்கும் உரிமை மேற்பார்ப்பவரிடமே இருந்தது.

ஜூலை மாதம் பிரெஞ்சுத் தளபதி கூரோ இறுதி எச்சரிக்கை விடுத்தார். பைசல் அதற்கு இணங்கியும் படை நகர்ந்தது. ஜூலை 24ஆம் நாள் மைசலூன் கணவாயில் போர் அமைச்சர் யூசுப் அல் அஸ்மா போதிய ஆயுதமற்ற சிறு படையோடு எதிர்த்து நின்று உயிர் துறந்தார். சில நாட்களில் பைசல் நாட்டை விட்டு வெளியேறினார். எதிர்த்து அழிவதா, வளைந்து உயிர்வாழ்வதா என்ற கேள்விக்கு அவர் பிற்காலம் முழுவதும் தந்த விடை, மைசலூனில் கற்ற பாடத்தின் வழி வந்தது.

ஈராக்கும் இந்தியாவும்

சிரியா பிரெஞ்சுக்காரருக்குச் சென்றதுபோல ஈராக் ஆங்கிலேயரிடம் இருந்தது. அதைப் பிடித்தது பெரும்பாலும் இந்தியப் படையே. 1914 நவம்பரில் பாரசீக வளைகுடாவின் தலைப்பில் இறங்கி, அம்மாதமே பஸ்ராவைப் பிடித்தனர். 1916 ஏப்ரல் 29ஆம் நாள் கூத் நகரில் முற்றுகைக்குள்ளாகிப் பட்டினியால் சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர். 1917 மார்ச் 11ஆம் நாள் பாக்தாத் பிடிபட்டது. பாலமும் பாதையும் அமைக்கும் சென்னைச் சாப்பர் படையினரும் அப்போர்க்களத்தில் பணியாற்றினர்.

படையோடு இந்திய ஆட்சிமுறையும் சென்றது. இந்திய உத்தியோகத்தில் பழகிய அதிகாரிகள் அங்கே மாவட்ட நிர்வாகம் நடத்தினர். இந்திய ரூபாய் ஈராக்கில் செலாவணியாயிற்று. 1932ஆம் ஆண்டில் தினார் நாணயம் வரும்வரை அது நீடித்தது. அப்போது பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை ஒரு தினாருக்கு ஈடாயிற்று.

1920ஆம் ஆண்டு கோடையில் ஈராக் மக்கள் ஆணையாட்சியை எதிர்த்துக் கிளர்ந்தனர். ஷியா, சுன்னி என்ற வேறுபாட்டை மறந்து இரு சாராரும் பாக்தாத் பள்ளிவாசல்களில் ஒன்று கூடினர். யூப்ரட்டீஸ் நதிக்கரைக் குலங்கள் ஆயுதம் ஏந்தின. கிளர்ச்சியை அடக்க இந்தியாவிலிருந்து மீண்டும் படை வந்தது. பல ஆயிரம் ஈராக்கியர் மாண்டனர். ஆங்கில அரசுக்கு ஏறத்தாழ நான்கு கோடி பவுன் செலவாயிற்று. நேரடியாக ஆளுவது கட்டுப்படியாகாது என்று இலண்டன் அதன்பின் உணர்ந்தது.

1921 மார்ச்சில் கெய்ரோ நகரில் சர்ச்சில் தலைமையில் கூடிய மாநாடு, ஈராக்குக்கு ஓர் அரபு மன்னரை அமர்த்தி, அவரோடு உடன்படிக்கை செய்துகொள்வது என்று தீர்மானித்தது. அதற்கு உகந்தவர் நாடிழந்த பைசல் என்று சர் பெர்சி காக்ஸ், ஜெர்ட்ரூட் பெல், லாரன்ஸ் முதலியோர் கருதினர். அரியணைக்குப் போட்டியாக இருந்த பஸ்ராவின் சையது தாலிப் கைது செய்யப்பட்டு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். பிறகு நடந்த பொதுக் கருத்தறிதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பைசலை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. அக்கணக்கை அக்காலத்திலேயே பலர் நம்பவில்லை.

பாக்தாத்தில் முடிசூட்டு

1921 ஆகஸ்ட் 23ஆம் நாள் பாக்தாத்தில் முடிசூட்டு விழா நடந்தது. அந்நாள் ஷியா முஸ்லிம்கள் கொண்டாடும் கதீர் திருநாள். சுன்னி மரபில் வந்த மன்னர் அந்நாளை ஏற்றது தற்செயலன்று; நாட்டில் பெரும்பான்மையோர் ஷியாக்கள். ஈராக்குக்கென்று தேசிய கீதம் அப்போது இல்லை. ஆதலால் வாத்தியக் குழு ஆங்கில அரசரின் கீதத்தையே வாசித்தது. புதிய மன்னரின் நிலையை இவ்விரு செய்திகளும் எடுத்துக்காட்டும்.

முடிசூட்டுக்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 18ஆம் நாள், பாக்தாத் யூதச் சமூகத்தார் அளித்த வரவேற்பில் பைசல் பேசினார். நாட்டுப்பற்று என்று வரும்போது யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற சொற்களுக்குப் பொருளில்லை. ஈராக் என்ற ஒன்றே உண்டு என்பது அப்பேச்சின் சாரம். அது வெறும் மேடைப்பேச்சாக முடியவில்லை. ஈராக்கின் முதல் நிதியமைச்சராக விளங்கிய சாசூன் எஸ்கெல் ஒரு யூதர். 1925ஆம் ஆண்டு எண்ணெய் ஒப்பந்தத்தில் ஈராக்கின் பங்கைப் பொன் மதிப்பிலேயே கணக்கிட வேண்டும் என்று வாதாடிப் பெற்றவர் அவரே.

மன்னருக்கு முடி இருந்தது. முடிவு கூறும் அதிகாரம் பெரும்பாலும் பிறரிடம் இருந்தது. ஒவ்வோர் அமைச்சுக்கும் ஓர் ஆங்கில ஆலோசகர் இருந்தார். மலாயா வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதன்று. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையின்படி பேராக் சுல்தான் ஓர் ஆங்கில ரெசிடெண்டை ஏற்றார். சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் அவர் ஆலோசனையைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்கவும் வேண்டும். பெயர் ஆலோசனை, பொருள் ஆணை. பாக்தாத்திலும் அதே முறைதான் வேறு பெயரில் நடந்தது.

பைசல் பங்கோர் காலத்துச் சுல்தானைப்போல் தனித்து நிற்கவில்லை. அவர் பின்னே கிளர்ச்சியில் பழகிய மக்கள் இருந்தனர். 1922ஆம் ஆண்டு உடன்படிக்கைப் பேச்சில் அவர் இழுத்துப் பிடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் குடல்வால் நோயால் படுக்கையில் வீழ்ந்த சமயம் பார்த்து காக்ஸ் ஆட்சியைத் தம் கையில் எடுத்து, எதிர்க்கட்சித் தலைவர்களை நாடு கடத்தினார். அக்டோபரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பெற்றதை வாங்கிக்கொள், எஞ்சியதைக் கேட்டுக்கொண்டே இரு என்பது பைசலின் கொள்கை என்று அவர் காலத்தவர் கூறுவர். வீரச்செயலை விரும்புவோர் அதைக் கோழைத்தனம் என்றனர். மைசலூனைக் கண்டவர் வேறெவ்வாறு நடக்க முடியும்?

பள்ளிக்கூடமும் தேசமும்

ஈராக் என்ற நாடு, உதுமானியர் காலத்து மோசூல், பாக்தாத், பஸ்ரா என்னும் மூன்று மாகாணங்களைச் சேர்த்து உண்டாக்கியது. தெற்கே ஷியா அரபியர், நடுவே சுன்னி அரபியர், வடக்கே குர்து மக்கள், இடையிடையே துருக்குமானியர், கிறிஸ்தவர், யூதர், யஸீதியர். மோசூல் யாருக்கு என்பதே 1925 டிசம்பர் வரை தீராத வழக்காக இருந்து, சர்வதேச சங்கத்தின் தீர்ப்பால் ஈராக்குக்குக் கிடைத்தது. 1927 அக்டோபரில் கிர்கூக் அருகே எண்ணெய் பொங்கியபோதுதான் அத்தீர்ப்பின் விலை முழுவதும் தெரிந்தது.

இம்மக்களை ஒன்றாக்கும் கருவிகளாகப் படையையும் பள்ளிக்கூடத்தையும் பைசல் நம்பினார். கல்விப் பொறுப்பு சாத்தி அல் ஹுஸ்ரி என்பவரிடம் வந்தது. உதுமானியர் ஆட்சியிலேயே சிறந்த கல்வியாளர் என்று பெயர் பெற்றவர். டமாஸ்கஸில் பைசலின் கல்வியமைச்சராக இருந்தவர். 1923 முதல் 1927 வரை ஈராக்கின் கல்வித் தலைமை அதிகாரியாகப் பணிபுரிந்தார். ஒரு மொழியும் ஒரு சரித்திர உணர்வும் இருந்தால் ஒரு தேசம் உண்டு என்பது அவர் சித்தாந்தம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே சரித்திரப் புத்தகம், அரபு மொழி என்று அவர் வகுத்தார். கல்வி நாடெங்கும் ஒரு சீராக அமையத் தொடங்கியது. இதை மறுத்தல் நன்றன்று.

ஆனால் அந்த ஒரே சரித்திரத்தை யார் எழுதுவது? 1927ஆம் ஆண்டில், வெளிநாட்டிலிருந்து வந்து பாக்தாத்தில் கற்பித்த ஓர் ஆசிரியர் உமையா கலீபாக்களின் ஆட்சியைப் புகழ்ந்து புத்தகம் எழுதினார். உமையா ஆட்சியில்தான் நபிகளின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டார். அவரை நினைந்து ஆண்டுதோறும் அழும் ஷியா மக்களின் நெஞ்சில் அப்புத்தகம் வேலாய்ப் பாய்ந்தது. ஆசிரியர் பதவி நீக்கப்பட்டார். அவருக்காக மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஒன்றுபடுத்த எண்ணி நடத்திய பள்ளிக்கூடமே பிளவின் களமாயிற்று.

குர்து மக்களின் மனக்குறை இன்னும் ஆழமானது. தங்கள் குழந்தைகள் தாய்மொழியில் கற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். மோசூலை ஈராக்கோடு சேர்த்த தீர்ப்பிலேயே அவ்வுரிமை பேசப்பட்டிருந்தது. வட்டார மொழிச் சட்டம் என்ற பெயரில் 1931ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சில மாவட்டங்களில் தொடக்கப் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் குர்து மொழிக்கு அது இடமளித்தது. சட்டம் வந்ததேயன்றி, அதைச் செயற்படுத்துவதில் தயக்கமும் இழுத்தடிப்பும் தொடர்ந்தன.

நம் நாட்டிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. 1951ஆம் ஆண்டு பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளே தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தைப் பெறவேண்டும் என்றது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையோ, பொதுப் பாடத்திட்டம் ஒன்றை வைத்து, தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளையும் தேசியக் கல்வியமைப்புக்குள் ஏற்றது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி நிலைத்தது அந்த ஏற்பால். பொதுப் பாடமும் தாய்மொழியும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை என்பதை ஹுஸ்ரி ஏற்கவில்லை. பைசல் அதை உணரத் தொடங்கினார் என்பதற்கு அவர் எழுதிய ஒரு குறிப்பே சான்று.

மன்னரின் அந்தரங்கக் குறிப்பு

தம் வாழ்வின் கடைசிக் காலத்தில் பைசல் நம்பிக்கைக்குரிய சிலருக்கு மட்டும் ஒரு நீண்ட குறிப்பு எழுதி அனுப்பினார். மன்னர் ஒருவர் தம் நாட்டைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாக எழுதியது அரிது. ஈராக்கிய மக்கள் என்று சொல்லத்தக்க ஒரு சமுதாயம் இன்னும் உருவாகவில்லை. பொது எண்ணம் எதுவுமின்றிப் பிரிந்து கிடக்கும் கூட்டங்களே உள்ளன என்று வருத்தத்தோடு அதில் கூறினார். வரியும் சாவும் ஷியாவுக்கு, பதவி சுன்னிக்கு என்று மக்கள் பேசுவதையும் அவர் மறைக்கவில்லை. அரசாங்கத்திடம் 15,000 துப்பாக்கிகள், மக்களிடமோ ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கும் காட்டினார்.

பரிகாரமாக அவர் கூறியவை இருவகை. படையை வலுப்படுத்த வேண்டும் என்பது ஒருவகை. எல்லாப் பிரிவினரின் சமய வழக்கங்களையும் சமமாக மதிக்க வேண்டும், அதிகாரத்தில் வட்டாரத்தாருக்கும் பங்கு தரவேண்டும் என்பது மறுவகை. முதல் வகை எளிது. அது விரைந்து நடந்தது. இரண்டாம் வகைக்குப் பொறுமையும் விட்டுக்கொடுத்தலும் வேண்டும். அதற்கு அவருக்கு நாளில்லை.

சுதந்திரமும் கடைசி ஆண்டும்

1929 நவம்பரில் பிரதமர் அப்துல் முஹ்சின் அல் சஅதூன் தற்கொலை செய்துகொண்டார். மக்கள் சுதந்திரம் கேட்கிறார்கள், ஆங்கிலேயர் இணங்க மறுக்கிறார்கள் என்று மகனுக்கு எழுதி வைத்த கடிதம் நாட்டை உலுக்கியது. 1930 ஜூன் 30ஆம் நாள் நூரி அல் சையது பிரதமராயிருக்கையில் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. விமானத் தளங்கள் ஆங்கிலேயரிடம் நீடிக்கும், ஆணையாட்சி நீங்கும். 1932 அக்டோபர் 3ஆம் நாள் ஈராக் சர்வதேச சங்கத்தில் உறுப்பு நாடாயிற்று. ஆணையாட்சி நாடுகளில் முதலில் இந்நிலை எய்தியது ஈராக்கே. படைத்தளங்களைப் பிறரிடம் விட்டுப் பெற்ற சுதந்திரம் சுதந்திரமா என்று அங்கே பலர் கேட்டனர். 1957ஆம் ஆண்டில் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்த மலாயாவிலும் அதே கேள்வி எழுந்தது. படிப்படியாகப் பெறும் சுதந்திரத்துக்கு இக்கேள்வி எப்போதும் கூடவே வரும்.

ஓராண்டு முடிவதற்குள் சோதனை வந்தது. யுத்த காலத்தில் துருக்கியிலிருந்து தப்பி வந்த அசீரியக் கிறிஸ்தவர்களுள் பலரை ஆங்கிலேயர் தங்கள் துணைப்படையில் சேர்த்திருந்தனர். ஆங்கிலேயர் விலகியதும் அவர்கள் நிலை தத்தளித்தது. 1933 ஆகஸ்டில் எல்லையில் நடந்த மோதலுக்குப் பின், தளபதி பக்ரு சித்கியின் படை சிமேல் கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் ஆயுதம் கொடுத்துவிட்ட அசீரியர்களை நூற்றுக்கணக்கில் கொன்றது. பாக்தாத்தில் திரும்பி வந்த படைக்கு மாலையும் ஆரவாரமும் கிடைத்தன. ஒன்றுபட வேண்டும் என்று மன்னர் பன்னிரண்டு ஆண்டுகள் ஏங்கிய மக்கள் ஒரு வேளை ஒன்றுபட்டனர். மிக எளியவர்களை ஒடுக்கியதைக் கொண்டாடுவதில் ஒன்றுபட்டனர். நோயுற்றிருந்த பைசலால் தடுக்க இயலவில்லை. சிகிச்சைக்காகச் சுவிட்சர்லாந்து சென்றவர் 1933 செப்டம்பர் 8ஆம் நாள் பெர்ன் நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 48. உடல் பாக்தாத் கொண்டுவரப்பட்டு, பிறகு ஆழமியாவிலுள்ள அரச கல்லறையில் அடக்கம் பெற்றது.

விட்டுச் சென்றது

பைசலின் மகன் காசி 1939 ஏப்ரலில் மோட்டார் விபத்தில் மாண்டார். மூன்று வயதில் மன்னரான பேரன் இரண்டாம் பைசல் 1958 ஜூலை 14ஆம் நாள் நடந்த இராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். அத்தோடு ஈராக்கில் ஹாஷிம் வமிசம் முடிந்தது. தமையன் அப்துல்லாவின் வழியினரே ஜோர்தானில் அரசாளுகின்றனர். பைசல் வரவேற்புரை ஆற்றிய பாக்தாத் யூதச் சமூகத்தாரில் பெரும்பாலோர் 1950, 1951ஆம் ஆண்டுகளில் நாட்டை விட்டு வெளியேறினர். 2005ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரபியையும் குர்து மொழியையும் ஈராக்கின் ஆட்சி மொழிகளாக ஏற்றது. ஒரு தொடக்கப் பள்ளியில் தாய்மொழி கேட்ட மக்களுக்கு அச்சொல் கிட்ட முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. இடையில் சிந்திய இரத்தத்துக்கு அளவில்லை.

பைசலை ஆங்கிலேயரின் கைப்பாவை என்பாரும் உண்டு. அரபு விடுதலையின் தந்தை என்பாரும் உண்டு. இரண்டுமே அவரை முழுதும் காட்டா. பிறர் கொடுத்த அரியணையில் அமர்ந்து, கொடுத்தவரிடமிருந்தே நாட்டைப் படிப்படியாக மீட்டார். அந்நியரை வெளியேற்றுவதைவிட அண்டை வீட்டாரை உடன்பிறப்பாக்குவது கடினம் என்பதை அனுபவத்தால் கண்டு, அதை எழுதியும் வைத்தார். அவர் காலத்துத் தலைவர் பலர் காணாதது அது.

மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் 1956 பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்தபோது, அதைக் கேட்ட கூட்டத்தில் பல மொழியாரும் இருந்தனர். நாள் குறிப்பது ஒரு மேடையில் முடிந்த காரியம். அக்கூட்டத்தை ஒரே மக்களாக்கும் காரியம் ஒவ்வொரு பள்ளியறையிலும் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் செய்ய வேண்டியது. பாக்தாத் மன்னரின் வரலாறு படிப்போர்க்கு நினைவூட்டுவது இதையே.